பண்டை நகரங்களும் நினைவு நாணயங்களும்

நாணயம் பண்டமாற்றின் கருவி மட்டுமன்று. அதை வெளியிடும் அரசு மக்களிடம் பேசும் சாதனமுமாகும். அச்சகம் தோன்றாத காலத்தில் அரசின் செய்தியைக் கடைக்கோடிக் குடிமகனின் கைக்குக் கொண்டு சேர்த்த பொருள் நாணயமே. தொன்மையான நகரங்களின் பெருமையைப் பொறித்து நாணயம் வெளியிடும் வழக்கமும் மிகப் பழமையானது. கி.பி. 248-இல் ரோமாபுரியின் ஆயிரமாவது ஆண்டைக் கொண்டாடிய பிலிப் என்னும் பேரரசன், சிங்கம், நீர்யானை, இரட்டையருக்குப் பாலூட்டும் ஓநாய் ஆகிய உருவங்களைப் பொறித்த வெள்ளிக் காசுகளை வெளியிட்டான். கி.பி. 330-இல் கான்ஸ்டாண்டினோபிள் புதிய தலைநகரானபோது, பழைய ரோமுக்கும் புதிய நகருக்கும் தனித்தனியே காசுகள் அடிக்கப்பட்டன. நம் காலத்தில் ரஷ்யா 2002 முதல் தன் பண்டைய நகரங்களின் பெயரால் பத்து ரூபிள் நாணயங்களைத் தொடர்ச்சியாக வெளியிட்டது.

தஞ்சையின் ஆயிரம் ஆண்டுகள்

நம் நாட்டில் இவ்வகைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு தஞ்சாவூர். முதலாம் இராசராசன் எடுப்பித்த பெரிய கோயிலின் விமானத்திற்குப் பொன் தகடு போர்த்த செப்புக்குடம் அளிக்கப்பட்டது கி.பி. 1010-இல். அதன் ஆயிரமாவது ஆண்டை முன்னிட்டு, 2010-ஆம் ஆண்டு பொறித்த இரு நாணயங்களை மைய அரசு வெளியிட்டது. ஒன்று, நிக்கல்-பித்தளையில் அமைந்த ஐந்து ரூபாய் நாணயம். மற்றொன்று, 35 கிராம் எடையும் 44 மில்லிமீட்டர் விட்டமும் உடைய ஆயிரம் ரூபாய் வெள்ளி நாணயம். அதில் எண்பது விழுக்காடு வெள்ளி. இந்தியாவின் முதல் ஆயிரம் ரூபாய் நாணயம் என்னும் சிறப்பும் அதற்கு உண்டு.

இதற்குத் தஞ்சை பொருத்தமான நகரமே. அக்கோயிலின் கல்வெட்டுகள் பொன்னைக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி எனத் துல்லியமாக நிறுத்துக் கணக்குக் காட்டுகின்றன. கோயிலின் காசுகள் ஊர்ச் சபைகளுக்குக் கடனாக வழங்கப்பட்டன; காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது பன்னிரண்டரை விழுக்காடு, வட்டியாகப் பெறப்பட்டது.

நினைவு நாணயங்களின் வரலாறு

சுதந்திர இந்தியாவின் முதல் நினைவு நாணயங்கள் 1964-இல் நேருவின் உருவத்துடன் வந்தன. 1969-இல் காந்தியடிகள் நூற்றாண்டுக்கு வெளியான நான்கு நாணயங்களுள் பத்து ரூபாய் நாணயம் வெள்ளியால் ஆனது. எழுபதுகளில் வளர்ச்சிப் பணிகளே நாணயங்களின் பொருளாயின. 1973-இல் உணவு உற்பத்திப் பெருக்கம், 1974-இல் குடும்ப நலம், 1977-இல் சேமிப்பு, 1980-இல் ஊரகப் பெண்களின் முன்னேற்றம் என்று அவை விரிந்தன. 1995-இல் தஞ்சையில் நடைபெற்ற எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர் உருவம் பொறித்த நாணயங்கள் வெளியாயின.

நாணயம் அடிக்கும் அதிகாரம் மைய அரசுக்கு மட்டுமே உரியது. 2011-ஆம் ஆண்டின் நாணயச் சட்டத்தின்படி, ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்பில் நாணயம் வெளியிட இயலாது. உலோகம், எடை, வடிவம் ஆகியவற்றை நிதி அமைச்சகம் அரசிதழில் அறிவிக்கும். மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், நொய்டா ஆகிய நான்கு இடங்களில் அரசு நாணயச்சாலைகள் உள்ளன. புழக்கத்திற்குரிய நினைவு நாணயங்கள் ரிசர்வ் வங்கி வழியே மக்களிடம் வருகின்றன. வெள்ளி நாணயங்களோ சேகரிப்போருக்காகத் தனியே விற்கப்படுகின்றன.

மூன்று மதிப்புகள்

இங்கே மாணவர்கள் தெளிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நினைவு நாணயத்திற்கு மூன்று மதிப்புகள் உள்ளன: சட்டம் தரும் முகமதிப்பு, உள்ளடங்கிய உலோகத்தின் மதிப்பு, சேகரிப்போர் தர முன்வரும் மதிப்பு. இம்மூன்றும் ஒன்றோடொன்று இணைந்து செல்வதில்லை.

தஞ்சை வெள்ளி நாணயத்தில் உள்ள தூய வெள்ளி 28 கிராம். வெள்ளி ஒரு கிலோ ஏறத்தாழ 35,700 ரூபாய் விற்கும்போது அதன் உலோக மதிப்பும் முகமதிப்பும் சமமாகும். விலை அதற்கு மேல் ஏறினால் அதை ஆயிரம் ரூபாய்க்குக் கடையில் கொடுப்பவர் நட்டமடைவார். 2023-இல் புதிய நாடாளுமன்றக் கட்டடத் திறப்பின்போது வெளியான நாணயத்தின் எடையும் 35 கிராமே. அதில் வெள்ளி பாதி, அதாவது 17.5 கிராம். ஆயினும் அதன் முகமதிப்பு 75 ரூபாய் மட்டுமே. ஒன்றில் கிராம் வெள்ளிக்கு ஏறத்தாழ 36 ரூபாய், மற்றொன்றில் நான்கு ரூபாய்க்குச் சற்று மேல் என்னும் கணக்கிலிருந்து, இவற்றின் முகமதிப்பு உலோகத்தின் அளவுகோலன்று, வெறும் அடையாளமே என்பது புலனாகும்.

புழக்க நாணயங்களில் வெள்ளி மறைந்ததற்கும் காரணம் இதுவே. உலோக மதிப்பு முகமதிப்பை நெருங்கினால் மக்கள் நாணயத்தைப் பதுக்குவர் அல்லது உருக்குவர். அதனாலேயே ரூபாயின் வெள்ளி அளவு 1940-இல் பாதியாகக் குறைக்கப்பட்டது; 1947-இல் நிக்கல் ரூபாய் வந்தது.

மலைநாடு தரும் சான்று

இவ்வேறுபாட்டை விளக்கத் தேவிகுளம் மலைப்பகுதி நல்ல சான்றாகும். மூணாற்றிலிருந்து இறங்கும் முதிரப்புழை பெரியாற்றில் கலக்கிறது. பெரியாற்றின் முகத்துவாரத்தில் விளங்கியது பண்டைய முசிறி. மிளகுக்கு விலையாக வந்த ரோமானியப் பொற்காசுகளுள் 252 காசுகள் 1983-இல் எர்ணாகுளம் மாவட்டத்து வள்ளுவள்ளியில் கிடைத்தன. மலையின் மறுபுறம், உடுமலைப்பேட்டையை அடுத்த பூதிநத்தத்தில் ரோமானிய வெள்ளிக் காசுப் புதையல் 1891-இல் கிட்டியது. ரோமின் சட்டம் இங்குச் செல்லாது. ஆயினும் அக்காசுகள் ஏற்கப்பட்டன. காரணம் அவற்றின் பொன்னும் வெள்ளியுமே.

தேவிகுளம் திருவிதாங்கூரில் அடங்கியிருந்த காலத்தில் நிலைமை வேறு. அங்கே பதினாறு காசு ஒரு சக்கரம். ஆங்கில ரூபாய்க்கு 28 சக்கரமும் எட்டுக் காசும் ஈடு. போடிநாயக்கனூரிலிருந்து மலையேறியோர் இருவகை நாணயங்களை அறிந்திருக்க வேண்டியிருந்தது. சமஸ்தானம் மறைந்தபின் அந்நாணயங்களின் சட்ட மதிப்பும் மறைந்தது. வெள்ளிச் சக்கரத்திற்கு வெள்ளியின் விலை எஞ்சியது. செப்புக் காசுக்கு அதுவும் அதிகமில்லை.

விழிப்பும் கடமையும்

இவ்வறிவு இல்லாதபோது இழப்பது எளிய மக்களே. புழக்கத்தில் வந்த ஐந்து ரூபாய் நினைவு நாணயம் இலட்சக்கணக்கில் விலைபோகும் என்று ஆசைகாட்டி, முன்கட்டணம் பறிப்போர் உண்டு. பழைய நாணயங்களை வாங்குவதாகத் தன் பெயரால் பரப்பப்படும் போலி அறிவிப்புகளை நம்ப வேண்டாமென ரிசர்வ் வங்கி 2021-இல் எச்சரித்தது. இலட்சக்கணக்கில் அடிக்கப்பட்ட நாணயம் அரியபொருள் ஆகாது. 2015-இல் அறிமுகமான அசோகச் சக்கரம் பொறித்த இந்தியத் தங்க நாணயத்திற்கோ முகமதிப்பே இல்லை. அது முத்திரையிட்ட பொன், பணமன்று.

இதற்கு எதிரான தவறும் நிகழ்கிறது. வடிவம் புதியது என்பதனால் செல்லத்தக்க நாணயத்தை வணிகர் மறுப்பதுண்டு. பத்து ரூபாய் நாணயம் பதினான்கு வடிவங்களில் வந்ததால் ஐயம் பரவியது. அனைத்தும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. நாட்கூலியாகப் பெற்ற நாணயத்தைக் கடைக்காரர் வாங்க மறுத்தால், உழைத்தவரின் ஊதியமே குறைந்ததாகும். எனவே ஒவ்வொரு புதிய நாணயத்தின் படத்தையும் அரசிதழ் விவரத்தையும் கருவூலங்களிலும் வங்கிக் கிளைகளிலும் பள்ளிகளிலும் மக்கள் மொழியில் அறிவிப்பது அலுவலர்களின் கடமை. தஞ்சையின் நாணயம் சேகரிப்போர் பேழையில் மட்டும் தங்காமல், ஐந்து ரூபாய் வடிவில் சந்தைக்கும் வந்தது. அது தடையின்றிக் கைமாறும்போதுதான் நகரின் பெருமையும் மக்களிடம் சென்று சேரும்.