உப்புத் தண்ணீர் வீட்டில் டிஷ்வாஷர்: எந்தப் பவுடர் வாங்குவது?



வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், உம்மாவின் கைவலியை நினைத்து டிஷ்வாஷர் வாங்கிக் கொடுப்பது நம் வீடுகளில் இப்போது சகஜமாகிவிட்டது. ஆனால் சில மாதங்களிலேயே கண்ணாடி டம்ளர்களில் வெள்ளை படிகிறது, தட்டுகள் சொரசொரக்கின்றன. பவுடர் சரியில்லை என்று ஒன்று மாற்றி ஒன்று வாங்கிப் பார்த்துவிட்டு, கடைசியில் மெஷினை மூலையில் நிறுத்திவிடுகிறோம். பெரும்பாலும் குறை பவுடரில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

முதலில் தண்ணீரை அளப்போம்

போர்வெல் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும்தான் கடினத்தன்மைக்குக் காரணம். தண்ணீர் சூடாகும்போது இவை சுண்ணாம்பாகப் படிகின்றன. இந்தியத் தர அளவுப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு.

டி.டி.எஸ். மீட்டர் எல்லா உப்புகளையும் சேர்த்தே காட்டும். எனவே பரிசோதனைக்குக் கொடுக்கும்போது ‘ஹார்ட்னஸ்’ எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். மெஷின் கையேட்டில் ஜெர்மன் டிகிரி என்று இருந்தால், வந்த மில்லிகிராம் கணக்கை 17.8 ஆல் வகுத்துக்கொள்ளலாம்.

உப்புத் தண்ணீருக்கு மேலும் உப்பா?

பலரும் கேட்கும் கேள்வி இது. மெஷினுக்குள் ரெசின் என்ற சிறு மணிகள் உள்ளன. அவை தண்ணீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொள்கின்றன. நாம் போடும் உப்பு அந்த மணிகளைக் கழுவி, மறுபடி வேலைக்குத் தயாராக்குகிறது. அது பாத்திரத்தைக் கழுவுவதற்கான உப்பு அல்ல.

டிஷ்வாஷருக்கென்று விற்கும் கல் உப்பையே போட வேண்டும். சமையல் தூள் உப்பு ஆகாது. முதல் தடவை மட்டும் உப்பு அறையில் தண்ணீர் நிரப்பி, அதன்பின் உப்பைப் போடுங்கள். வெளியே சிந்தியதைத் துடைத்து, உடனே ஒரு முறை மெஷினை ஓட்டிவிடுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். பிறகு, அளந்த கடினத்தன்மைக்கு ஏற்ப செட்டிங்கை மாற்றுங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். மெஷினின் உச்ச அளவையும் தாண்டிய தண்ணீர் என்றால், குழாயிலேயே தனி சாஃப்ட்னர் பொருத்த வேண்டும்.

பவுடரா, மாத்திரையா?

‘ஆல் இன் ஒன்’ மாத்திரைகள் பலவும் சுமார் 21 ஜெர்மன் டிகிரி, அதாவது ஏறக்குறைய 375 மில்லிகிராம் வரைதான் தனி உப்பில்லாமல் சமாளிக்கும். அதற்கு மேல் மாத்திரை போட்டாலும் உப்பு கட்டாயம். கடினநீர் வீடுகளுக்குப் பவுடர் வசதியானது. அளவைக் கூட்டலாம், குறைக்கலாம். பாக்கெட்டில் என்சைமும் ஆக்சிஜன் பிளீச்சும் இருக்கின்றனவா என்று பாருங்கள். முதலாவது சோற்றுப் பிசுக்கையும் இறைச்சிப் பிசுக்கையும் கரைக்கும்; இரண்டாவது தேநீர்க் கறையையும் மஞ்சள் கறையையும் வெளுக்கும். ரின்ஸ் எய்டும் ஊற்றினால் நீர்த்துளிகள் தங்காது. கையால் கழுவும் லிக்விடை ஒருபோதும் ஊற்றாதீர்கள். நுரை பொங்கி வெளியே வரும்.

டம்ளரில் வெள்ளை தெரிந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துப் பாருங்கள். போய்விட்டால் அது சுண்ணாம்பு. உப்பையும் செட்டிங்கையும் கவனியுங்கள். போகவில்லை என்றால் கண்ணாடியே அரிபட்டிருக்கலாம். பவுடரையும் சூட்டையும் குறையுங்கள்.

கவனம்

இந்தப் பவுடர்கள் கடும் காரத்தன்மை உள்ளவை. அலுமினிய தேக்சா கருத்துவிடும். ஈயம் பூசிய செம்பு, பித்தளைப் பாத்திரங்களும் மரக் கரண்டியும் கெடும். இவற்றைக் கையாலேயே கழுவுங்கள். பளபளப்பான மாத்திரையைக் குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்துவிடுவார்கள். உயரத்தில் பூட்டி வையுங்கள். ஒரு குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. வாயைக் கொப்பளிக்கச் செய்து, பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சுருக்கமாக: அளவு, உப்பு, செட்டிங், அதன் பிறகே பவுடர். இந்த வரிசையில் போனால், பிள்ளைகள் பாடுபட்டு வாங்கித் தந்த பொருள் வீணாகாமல் பல வருடம் உழைக்கும், இன்ஷா அல்லாஹ்.