உஷார்! வேகத்துக்கு ஆசைப்பட்டு பிராசஸரின் காவலை அணைக்காதீர்கள்

‘ஒரே ஒரு வரி சேருங்கள், பழைய கணினி பறக்கும்!’ லினக்ஸ் பயன்படுத்துவோரிடம் சுற்றிவரும் யோசனை இது. அந்த வரி, ‘மிட்டிகேஷன்ஸ்=ஆஃப்’. வேகம் கொஞ்சம் கூடலாம். ஆனால், பிராசஸரின் ஓட்டைகளை அடைத்து வைத்திருக்கும் தடுப்புகள் மொத்தமும் அதோடு போய்விடும். தயவுசெய்து அதில் கை வைக்காதீர்கள்!

ஆபத்து எங்கே இருக்கிறது? எந்த நிரலிலும் ‘இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய்’ என்ற கிளைகள் நிறைய உண்டு. ஒவ்வொன்றுக்கும் விடை தெரியும்வரை காத்திருந்தால் பிராசஸர் பாதி நேரம் சும்மா நிற்க வேண்டியதுதான். அதனால் முன்பு நடந்ததை வைத்து ஊகித்து, வேலையை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறது. வாடிக்கையாளர் தலை தெரிந்ததுமே டீ ஆற்றத் தொடங்கும் மாஸ்டரைப் போல. ஊகம் பொய்த்தால் செய்ததைத் தள்ளிவிட்டு மறுபடி தொடங்கும்.

தள்ளிய வேலையின் தடம் மட்டும் ‘கேஷ்’ எனும் வேகமான நினைவகத்தில் தங்கிவிடுகிறது. திருடனுக்கு அது போதும். ‘இந்த எண் எல்லைக்குள் இருக்கிறதா?’ என்ற சோதனைக்குப் பலமுறை சரியான எண்ணைக் கொடுத்து பிராசஸரைப் பழக்குகிறான். பிறகு எல்லை தாண்டிய எண்ணைக் கொடுக்கிறான். பிராசஸர் பழக்கதோஷத்தில், தொடக்கூடாத ரகசியத்தைப் படித்து, அதற்கேற்ற தடத்தைக் கேஷில் விட்டுவிடுகிறது. எந்தத் தரவு கேஷிலிருந்து சீக்கிரம் கிடைக்கிறது என்று நேரத்தை அளந்தே அந்த ரகசியத்தை அவன் தெரிந்துகொள்கிறான்.

இதுதான் 2018 ஜனவரி 3 அன்று அம்பலமான ‘ஸ்பெக்டர்’. கூகுளின் யான் ஹார்னும், பால் கோச்சரும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டறிந்தது. இன்டெல், ஏஎம்டி, ஏஆர்எம் மூன்றுமே சிக்கின. இணையப் பக்கத்தில் ஓடும் ஜாவாஸ்கிரிப்டாலேயே இந்தத் தாக்குதலைச் செய்து காட்டினார்கள்.

பழைய கதை என்று நினைக்காதீர்கள். 2022-ல் ‘ரெட்பிளீட்’ என்ற இதே வகைத் தாக்குதல் வந்தது. 2025 மே மாதம் சூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒன்பதாம் தலைமுறையிலிருந்து வந்த இன்டெல் பிராசஸர்களில் இன்னொரு ஓட்டையைக் காட்டினார்கள்.

உடனே செய்ய வேண்டியவை:

• இயங்குதளம், பிரவுசர், மொபைல் அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

• கணினி நிறுவனம் தரும் பயாஸ் அப்டேட்டையும் போடுங்கள். பிராசஸருக்கான மைக்ரோகோட் திருத்தம் பெரும்பாலும் அதில்தான் வரும்.

• லினக்ஸில் ‘எல்எஸ்சிபியு’ கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். எந்த ஓட்டைக்குத் தடுப்பு இருக்கிறது, எதற்கு இல்லை என்று அதுவே பட்டியலிடும்.

• பலர் பகிரும் சர்வரை நிர்வகிப்பவர்கள் இருமடங்கு கவனமாக இருங்கள். ஒரு வாடிக்கையாளரின் ரகசியம் இன்னொருவர் கைக்குப் போனால் பொறுப்பு உங்களுடையது.

வேகம் தேவைப்படும் நிரலாளர்களுக்கு நேர்வழி இருக்கிறது. தரவை வரிசைப்படுத்திக் கொடுத்தால் பிராசஸரின் ஊகம் பெரும்பாலும் பலிக்கும். அடிக்கடி சுழலும் இடத்தில் கிளைகளைக் குறையுங்கள். நிரல் உண்மையில் ஓடும் விதத்தைப் பதிவுசெய்து, அதைக் கம்பைலருக்குக் கொடுங்கள். உழைத்தால் அங்கேயே வேகம் கிடைக்கும். காவலை அணைத்துப் பெறும் வேகம் நமக்கு வேண்டாம்.