கன்றுக்குள் ஒரு முதுமரம்

தர்மபுரிப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். சந்தூரில் வாங்கி நட்ட இமாம் பசந்த் ஒட்டுக்கன்று இடுப்பு உயரம்கூட வரவில்லை, தை மாதமே பூத்துவிட்டதாம். “கைராசி என்கிறார்கள் ஊரில். கிள்ளிப் போடச் சொல்கிறார் நர்சரிக்காரர். மனசு வரவில்லை, விட்டுவிடலாமா?”

நர்சரிக்காரர் சொல்வதே சரி. கைராசி ஒன்றுமில்லை, கன்றின் மேல் ஒட்டிய குச்சியின் வயது அப்படி.

கொட்டை போட்டு முளைத்த மாங்கன்று பூக்க ஏழெட்டு வருஷம் ஆகும். எவ்வளவு உரம் கொட்டினாலும் அதற்குமுன் பருவம் வராது. ஒட்டுக்கன்றில் வேர்ச்செடிதான் குழந்தை. மேலே இருக்கும் குச்சி, காய்த்துப் பழகிய தாய்மரத்தில் வெட்டியது. மரத்தைவிட்டு வந்தாலும் பூக்கும் பருவத்தைக் கூடவே கொண்டுவந்துவிடும். எனக்கு இதில் தீராத வியப்பு. இமாம் பசந்த் கொட்டையை ஊன்றினால் இமாம் பசந்த் வராது. ஆகவே இன்று நிற்கும் இமாம் பசந்த் மரங்களெல்லாம் எப்போதோ எங்கோ நின்ற ஒரே மரத்தின் கிளைகள்தாம், வேரை மட்டும் மாற்றி மாற்றி நீண்டுகொண்டே வருகின்றன. அல்போன்சாவுக்கும் இதே கதை. வாசகியின் கன்றில் மேல்பாதி, அவருடைய கொள்ளுப்பாட்டிக்கும் மூத்ததாக இருக்கக்கூடும்.

பூக்கத் தெரிந்த குச்சிதான், சுமக்க உடம்பு இல்லை. மாம்பூ கிளை நுனியில் வருவது. நுனி பூவாகிவிட்டால் கிளை அங்கேயே நின்றுவிடும், கீழே ஒரு மொட்டு துளிர்த்துத்தான் மறுபடி வளரவேண்டும். காய் பிடித்தாலோ, வேருக்குப் போகவேண்டிய சர்க்கரையை அது இழுத்துக்கொள்ளும். முதல் மூன்று வருஷம் பூவைக் கிள்ளியே ஆகவேண்டும்.

வாசகி கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கன்றருகே குந்தி உட்கார்ந்து ஒட்டைப் பாருங்கள். சுற்றிய பாலிதீன் நாடா இன்னும் இருக்கிறதா? ஒட்டு கூடியபின் அதற்கு வேலையில்லை. தண்டு பருக்கும், நாடா பருக்காது. இலையில் தயாரான உணவு பட்டை வழியே இறங்கிவந்து அங்கே முட்டி நிற்க, நாடாவுக்கு மேலே தண்டு புடைத்துக்கொள்ளும், கீழே சூம்பும். ஒரு ஆடிக்காற்று போதும், சரியாக அந்த இடத்தில் முறியும். எங்கள் வீட்டில் பாட்டி, பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றில் விரல் நுழைகிறதா என்று அடிக்கடி பார்ப்பாள், இறுகினால் அன்றே புதுக்கயிறு. நாடாவுக்கும் அந்தக் கண் வேண்டும். பிளேடால் நெடுக்காக ஒரு கீறல், அவ்வளவுதான். மரக்கன்று விழாக்களில் படமெடுத்துக்கொள்கிறவர்கள் குனிந்து இதைப் பார்ப்பதில்லை. ஆறு மாதம் கழித்து நாடா அவிழ்க்க ஆள் அனுப்பிய விழா எதையும் நான் கண்டதுமில்லை.

ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் இன்னொரு ஆபத்து. வேர்ச்செடி தன் வழிக்கு வளரப் பார்க்கும், வளரவிட்டால் மேல்குச்சியைப் பட்டினி போட்டுவிடும். பல வருஷம் கழித்துப் புளிப்பும் நாருமாகக் காய்த்தபின் நர்சரிக்காரரைத் திட்டுவார்கள். துளிர் இளசாக இருக்கும்போதே அடியோடு கிள்ளுங்கள். இதற்காகவே ஒட்டு மண்ணுக்குள் புதையாமல் அரைச் சாணாவது மேலே தெரியவேண்டும், புதைந்துவிட்டால் எது எதன் துளிர் என்று தெரியாது.

ஊன்றுகோலைக் காற்று வரும் பக்கம் நட்டு, பழந்துணியால் தளர்வாகக் கட்டுங்கள். முட்டிக்கு மேல்வரை கிளை வேண்டாம். அதற்குமேல் திசைக்கொன்றாக மூன்று நான்கு, அவையும் ஒரே கணுவில் கிளம்பாமல் ஏற்ற இறக்கமாக. ஒரே இடத்தில் கவைத்த கிளைகள் காய்ப் பாரத்தில் பிளந்துவிடும்.

ஆடு கடித்துவிட்டதா? ஒட்டுக்கு மேலே ஒரு கணு மிஞ்சியிருந்தாலும் பிழைக்கும். மிஞ்சவில்லை என்றாலும் பிடுங்காதீர்கள். வேர் பிடித்த செடி அது. கீழிருந்து வரும் துளிர்களில் திடமான ஒன்றை மட்டும் விட்டு வளர்த்து, ஆடி ஆவணி ஈரத்தில் ஒட்டுக்காரரைக் கூப்பிட்டு, நின்ற இடத்திலேயே புதுக்குச்சி வைக்கச் சொல்லலாம். இந்தமுறை சுற்றிலும் முள் அடைத்துவிட்டு.