22 நிமிட உலகம்

இண்டூரிலிருந்து ஒகேனக்கல் சென்று, மாலைக்குள் வீடு திரும்ப வேண்டிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். அருவியைக் காண்பதா, பரிசலில் ஏறுவதா, எண்ணெய் தேய்த்துக் குளிப்பதா? அனைத்திற்கும் ஆசைப்பட்டு ஓடுவோர் எதையும் நின்று பார்ப்பதில்லை. ஆயினும், பொழுது சாய்ந்துவிடும் என்ற நினைவே, ‘முதலில் எது?’ என்று சிந்திக்கவும் வைக்கிறது. காலக்கெடுவிற்கு இவ்விரு முகங்களும் உண்டு.

நம் பிள்ளைகள் ஆடும் கணினி விளையாட்டுகளிலும் இதைக் காணலாம். சிறு குழுவினர் தம் விருப்பப்படி உருவாக்கும் ‘இண்டி’ விளையாட்டுகளுள் ஒன்று, 2019இல் வெளிவந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’. அதில் ஆடுபவர் விண்கலமேறிக் கோள்களை ஆராய்கிறார். 22 நிமிடங்களில் கதிரவன் வெடித்து அனைத்தும் அழியும். மீண்டும் அவர் தொடங்கிய இடத்திலேயே கண் விழிப்பார். கையில் சேர்த்த பொருள் எதுவும் மிஞ்சாது. கண்டறிந்த செய்திகள் மட்டும் கலத்தின் குறிப்பேட்டில் நிலைத்திருக்கும்.

அங்கே இரட்டைக் கோள்கள் உள்ளன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மணல் இடைவிடாது பாய்கிறது. தொடக்கத்தில் திறந்திருந்த குகைகள் பின்னர் மூடிக்கொள்கின்றன. மணலில் புதைந்திருந்த கட்டடங்கள் மறுகோளில் வெளிப்படுகின்றன. ஆகவே, எங்கே செல்வது என்பதோடு எப்போது செல்வது என்பதையும் அறிய வேண்டும். பழங்காலக் குறிப்பொன்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே கதிரவன் வெடித்தால் எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால், அறிந்தது அழியாததால் அடுத்த பயணத்தில் நேரே அவ்விடம் செல்லலாம்.

2018இல் வந்த ‘மினிட்’ விளையாட்டில் ஓர் உயிருக்கு 60 விநாடிகளே. அங்கே கலங்கரை விளக்கத்தருகே ஒரு முதியவர் மிக மெதுவாகப் பேசுவார். அவர் சொல்லைக் கேட்டு முடிக்க, அந்த உயிரின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். விரைவை வற்புறுத்தும் விளையாட்டே பொறுமையையும் கேட்கிறது!

எல்லா விளையாட்டிற்கும் கெடு தேவையில்லை. கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையான ‘வெண்பா’ (2023), தாயின் கிழிந்த சமையற் குறிப்பேட்டைக் கொண்டு உணவு சமைக்கச் சொல்கிறது. அங்கே கடிகாரம் துரத்துவதில்லை; தவறினால் மீண்டும் முயலலாம். நினைவைத் தேடுவதற்கு நிதானம் வேண்டுமல்லவா?

பெற்றோரே, இதில் நமக்கும் பாடமுண்டு. ‘அரை மணி நேரம்தான்’ என்று நாமும் கெடு விதிக்கிறோம். விதிப்பது தவறன்று. ஆனால், முன்னறிவிப்பின்றித் திடீரெனக் கருவியைப் பறிக்கும்போது, பிள்ளை அதுவரை தேடியதும் சில வேளைகளில் வீணாகிறது. அழுகையும் கோபமும் எழுகின்றன. கெடுவை முன்கூட்டியே சொல்லுங்கள். முடிவதற்குச் சற்று முன் நினைவூட்டுங்கள். ஆடியதைச் சேமித்து வைக்க அவகாசம் கொடுங்கள். பின்னர் அருகில் அமர்ந்து, “இன்று என்ன கண்டுபிடித்தாய்?” என்று கேளுங்கள். கண்டது தன்னிடம் தங்கும் என்று அறிந்த பிள்ளைக்கு, நேரம் முடிவது இழப்பாகத் தோன்றாது.