கொசு நம்ம வீட்டுலதான் பிறக்குது!



மழைக்காலம் வந்தாச்சு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நம் வகுப்புகளில் "காய்ச்சல்" என்று லீவ் லெட்டர் கொடுப்பவர்கள்தான் அதிகம். கொசு எங்கிருந்து வருகிறது என்று யாரைக் கேட்டாலும், "கூவத்துல இருந்து வருது, கால்வாய்ல இருந்து வருது, கார்ப்பரேஷன்ல மருந்து அடிக்கல" என்றுதான் சொல்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதியை இங்கே எழுதியிருக்கிறேன். கொஞ்சம் நின்று படித்துவிட்டுப் போங்கள்!

மூன்று கொசு, மூன்று குணம்

நம்ம சென்னை மாதிரி நகரங்களில் முக்கியமாக மூன்று வகைக் கொசுக்கள் இருக்கின்றன.

1. கியூலெக்ஸ்: சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, தேங்கிய கால்வாய் போன்ற அழுக்குத் தண்ணீரில் வளரும். ராத்திரி காதுக்குள்ளே "ங்ஙொய்" என்று பாடுவது பெரும்பாலும் இதுதான். யானைக்கால் நோயைப் பரப்பும்.

2. அனாபிலிஸ்: மலேரியாவைப் பரப்பும். இதில் நகரத்து வகைக்கு அனாபிலிஸ் ஸ்டீபன்சி என்று பெயர். கிணறு, மாடியில் மூடாத தண்ணீர்த் தொட்டி போன்ற நல்ல தண்ணீரில் வளரும். உட்காரும்போது வாலைத் தூக்கிக்கொண்டு சாய்வாக உட்காரும்.

3. ஏடிஸ் எஜிப்டி: டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்பும். கறுப்பு உடம்பு, காலில் வெள்ளை வளையம். பகலில் கடிக்கும். அதாவது நாம் பள்ளியில் இருக்கும் நேரத்திலும் கடிக்கும்! வீட்டுக்குள் பிடித்து வைக்கும் நல்ல தண்ணீர்தான் இதற்குப் பிடிக்கும்.

கூவத்தைக் குறை சொல்வது கியூலெக்ஸுக்குப் பொருந்தும். டெங்குக் கொசுவுக்குப் பொருந்தாது. அது பெரும்பாலும் பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போகாது. உங்களைக் கடித்த டெங்குக் கொசு உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோதான் பிறந்திருக்கும்.

முட்டை முதல் கொசு வரை

ஆண் கொசு கடிக்காது. பூந்தேனையும் செடிச் சாற்றையும் குடித்துப் பிழைக்கும். பெண் கொசுதான் முட்டை வளர்வதற்குத் தேவையான புரதத்துக்காக நம் ரத்தத்தைக் குடிக்கிறது.

முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று நான்கு பருவங்கள். நம் ஊர் வெயிலில் இதெல்லாம் முடிய சுமார் 7 முதல் 10 நாள் போதும். "வாரம் ஒரு முறை கழுவுங்கள்" என்று சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஏடிஸ் கொசு தண்ணீருக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் ஈரமான சுவரில் முட்டை வைக்கும். அந்த முட்டை காய்ந்து போனாலும் சாகாது; பல மாதம் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் ஏறி முட்டை நனைந்ததும் புழு வெளியே வரும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உள்பக்கத்தைத் தேய்க்கவும் வேண்டும்.

எங்கள் தெருவில் பார்த்தது

எங்கள் அறிவியல் மன்றத்தில் நாங்கள் ஆறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை டார்ச் லைட்டும் வெள்ளைக் கிண்ணமும் எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாகப் போனோம். புழு இருந்த இடங்கள்: தண்ணீர் டிரம், ஃபிரிட்ஜ் பின்னாலிருக்கும் தட்டு, மணி பிளான்ட் வைத்த பாட்டில், மொட்டை மாடியில் கிடந்த டயர், யாரும் அரைக்காத ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி.

ஒரு பாட்டி, "நேத்துதான்டா லாரியில புதுத் தண்ணி பிடிச்சேன், அதுல எப்படிப் புழு வரும்?" என்று கேட்டார். தண்ணீர் புதுசுதான். ஆனால் டிரம்மின் அடியில் கிடந்த பழைய தண்ணீர் மேலேயே அதை ஊற்றியிருந்தார்கள். சுவரில் இருந்த முட்டையும் நனைந்துவிட்டது.

இன்னொரு அக்கா, "தண்ணியைக் கொட்டச் சொல்றியா? அடிபம்புல அடிச்சு மூணு மாடி தூக்கிட்டு வந்தது நீயா நானா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி! குழாயில் தினமும் தண்ணீர் வரும் வீட்டில் டிரம்மே வேண்டாம். தண்ணீர் வராத தெருவில்தான் பிடித்து வைக்கிறார்கள், அங்கேதான் கொசுவும் வளர்கிறது. எங்கள் சார் ஒரு வழி சொன்னார். தண்ணீரைக் கொட்ட வேண்டாம். வெள்ளைத் துணியில் வடிகட்டி வேறு குடத்தில் ஊற்றிவிட்டு, காலி டிரம்மைத் தேய்த்துக் கழுவி, மறுபடி அதிலேயே ஊற்றி, வாயைத் துணியால் இறுக்கிக் கட்ட வேண்டும். துணியில் நின்ற புழுவை வெயில் படும் மண்ணில் உதறினால் செத்துவிடும். "இது முடியும்" என்று அந்த அக்காவே சொன்னார்.

புகை அடித்தால் போதாதா?

புகை வண்டி வந்தால் நாம் எல்லோரும் பின்னாலேயே ஓடுவோம். ஆனால் அந்தப் புகை பறக்கும் கொசுவை மட்டும்தான் கொல்லும். தண்ணீரில் இருக்கும் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அடுத்த வாரம் புதுக் கொசு வந்துவிடும். (புகையை மூக்கில் இழுப்பதும் நல்லதில்லை!)

புழுவைக் கொல்ல மாநகராட்சி ஊழியர்கள் அபேட் மருந்து ஊற்றுவார்கள். பி.டி.ஐ. என்ற பாக்டீரியாவையும் பயன்படுத்துகிறார்கள். இது 1976-இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. புழு இதைத் தின்றால் அதன் குடல் கெட்டுச் சாகும். கப்பி, கம்பூசியா மீன்களும் புழுவைத் தின்னும். கிணற்றிலும் தொட்டியிலும் விடலாம். ஏரியில் விடக்கூடாது, நம் நாட்டு மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்றுவிடும்.

புதுச்சேரியில் உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில், உடம்புக்குள் வொல்பாக்கியா என்ற பாக்டீரியா இருக்கும் ஏடிஸ் கொசுக்களை உருவாக்கியிருக்கிறார்கள். 2022-இல் இதை அறிவித்தார்கள். இந்தப் பாக்டீரியா இருந்தால் கொசுவுக்குள் டெங்கு வைரஸ் எளிதில் வளர முடியாது.

உங்களுக்குத் தெரியுமா?

* மலேரியாக் கிருமி கொசுவின் வயிற்றில் இருப்பதை ரொனால்டு ராஸ் 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் கண்டார். 1902-இல் நோபல் பரிசு பெற்றார். ஆகஸ்ட் 20 உலகக் கொசு தினம்.

* கியூபாவின் ஹவானா நகரில் மஞ்சள் காய்ச்சல் பல்லாயிரம் பேரைக் கொன்றது. அதையும் ஏடிஸ்தான் பரப்பியது. 1901-இல் கோர்காஸ் என்ற மருத்துவர் வீடு வீடாகத் தண்ணீர்ப் பாத்திரங்களை மூட வைத்தார், தேங்கிய தண்ணீரில் எண்ணெய் ஊற்றினார். அந்த ஆண்டிலேயே நகரில் அந்தக் காய்ச்சல் நின்றது. அப்போது அதற்குத் தடுப்பூசியே கிடையாது!

* வீட்டில் கொசு வளர விடுவது நம் மாநிலத்தில் சட்டப்படி தவறு. 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது.

காய்ச்சல் வந்தால்

தமிழ்நாட்டில் 2012-இல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும், 2017-இல் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கும் டெங்கு வந்தது. அந்த இரண்டு ஆண்டுகளிலும் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள்.

போன வருடம் என் தம்பிக்கும் வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டதும், "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகலாமா சார்?" என்று அம்மா கேட்டாங்க. "இனிமேதாம்மா கவனமா பார்க்கணும்" என்றார் டாக்டர். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தானது. கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம், ரொம்பச் சோர்வு, இவற்றில் எது இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆஸ்பிரின், புரூஃபென் மாத்திரைகளைக் கடையில் நாமாக வாங்கிப் போடக்கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் நிறையக் குடிக்க வேண்டும். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு தடவை வந்துவிட்டது, இனி வராது என்று இருக்க முடியாது. காய்ச்சலில் படுத்திருப்பவரைக் கொசு வலைக்குள் படுக்க வைத்தால் மற்றவர்களுக்கும் பரவாது.

ஞாயிறு தோறும் பத்து நிமிடம்

1. டிரம், குடம், தொட்டியைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள்.
2. ஃபிரிட்ஜ் தட்டு, பூந்தொட்டித் தட்டில் நிற்கும் தண்ணீரைக் கொட்டுங்கள்.
3. டயர், கொட்டாங்குச்சி, உடைந்த பக்கெட் ஆகியவற்றை அப்புறப்படுத்துங்கள்.
4. ஆட்டுக்கல்லைக் கவிழ்க்க முடியாவிட்டால் மணல் போட்டு நிரப்புங்கள்.
5. மாடித் தொட்டி மூடியையும் கழிவுநீர்க் குழாயின் வலையையும் பாருங்கள்.

நம் பள்ளியிலும் சைக்கிள் ஸ்டாண்டு பின்னால் ஒரு பழைய சிமென்ட் தொட்டி இருக்கிறது. வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் அதைக் கழுவ வர விருப்பம் உள்ளவர்கள் கீழே பெயர் எழுதுங்கள். பிரஷ் நாங்கள் கொண்டு வருகிறோம்!

தேங்கும் நீரை நீக்குவோம்! டெங்குவைத் தடுப்போம்!

— அறிவியல் மன்ற மாணவி,
9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு