தலைப்பிரசவமும் தையலும்

தையற்புண் ஆறுமுன்னே நடவுக்குச் செல்லும் பெண்ணின் வேதனையை நாம் கேட்பதில்லை, கேட்கவும் கூசுகிறோம். பிறப்புவாய்க்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட தசை மகப்பேற்றில் கிழிவதே இதற்குக் காரணம்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் நடைபெற்று 1999-இல் வெளியான ஆய்வில், கர்ப்பிணிகள் 34, 35-ஆம் வாரந்தொட்டு நாள்தோறும் பத்து நிமிடம், தூய விரலில் எண்ணெய் தடவி அத்தசையை உட்புறமாக மெல்ல அழுத்தி நீவி வந்தனர். முன்பு சுகப்பிரசவம் காணாதோரில், நீவியவர்களுள் நூற்றுக்கு 24 பேருக்குத் தசை கிழியவில்லை, வெட்டவும் நேரவில்லை. நீவாதோரில் 15 பேரே அவ்வாறு தப்பினர். முன்பே சுகப்பிரசவம் கண்டோரிடம் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே இது தலைப்பிரசவத்துக்கே பெரிதும் உதவும், அதுவும் ஓரளவே.

உதிரப்போக்கோ, நீர்க்கசிவோ, புண்ணோ உள்ளவர் இதனைச் செய்யலாகாது. ஏனையோரும் கிராம சுகாதார செவிலியரைக் கேட்டே தொடங்குதல் வேண்டும்.