மாரிக்கு முன் வனைந்த பானை

மட்டக்களப்பு வாவி, வடக்கே ஏறாவூர்ப் பகுதியிலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. இவ்வாவியைச் சார்ந்த ஊர்களில் மண் வனையும் குயவனுக்கு ஆண்டு பிறப்பது சித்திரையிலன்று. பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து, குளங்கள் வற்றத் தொடங்கும் காலத்திலேயே எனலாம். வற்றிய குளத்தின் அடிமண் அவனுக்குக் களிமண்; சூடடித்த வைக்கோல் சூளைக்கு எரிபொருள்.

வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசும். உலர்த்துதற்கு அதுவே நல்ல காலம் என்று பிறர் நினைப்பர். குயவனோ அக்காற்றுக்கு அஞ்சுவான். மண் உலர்கையிற் சுருங்கும் இயல்புடையது. அனற்காற்றில் மெல்லிய வாய்ப்புறம் முந்தி உலர்ந்து சுருங்க, தடித்த அடிப்புறம் ஈரமாகவே நிற்க, இரண்டின் இழுப்பில் வெடிப்பு விழுந்துவிடும். ஆதலின் வனைந்த பாண்டம் முதலில் நிழலிலேதான் ஆறவேண்டும். அவ்வாறு ஆறியதன் பின்னரே வெயிலுக்கு வரும். ஈரம் சற்று எஞ்சினும், சூளையில் அது ஆவியாகிப் பானையைச் சிதறடித்துவிடும். வெப்பம் 600 பாகை செல்சியசை அண்மிக்கும்போது மண்ணின் கட்டமைப்பிலேயே பிணைந்திருந்த நீரும் நீங்குகின்றது. பிறகு அம்மண் நீரிற் கரைவதில்லை.

உருவம் எங்கிருந்து பிறக்கின்றது? பெரும்பாலும் பிறர் அடுக்களையிலிருந்துதான். இப்பகுதியின் எருமைத் தயிருக்குரிய சட்டியைப் பாருங்கள். வாய் அகன்றது, மெருகு பூசாதது. தயிரின் நீரைச் சட்டியின் நுண்துளைகள் உறிஞ்சும்; அந்நீர் வெளிப்புறத்தில் ஆவியாகையில் சட்டி குளிரும்; தயிரும் இறுகும். பளபளப்பு ஏற்றினால் அழகு கூடலாம், தயிர் கெட்டியாகாது! வைகாசியில் கண்ணகி அம்மன் கோயில்களில் நிகழும் குளிர்த்தி விழாவுக்கோ, அகன்ற சட்டி உதவாது. கும்பத்துக்கென வயிறு திரண்டு கழுத்து ஒடுங்கிய குடம் வேண்டும்.

அலுமினியமும் பிளாஸ்டிக்கும் தண்ணீர்க்குடத்தின் இடத்தைப் பெரிதும் பிடித்துக்கொண்டன. பொங்கற்பானை எஞ்சி நிற்கின்றது. ஆனால் இங்கேதான் குயவனுக்கு இக்கட்டு. கிழக்கிலங்கையில் வாடைமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை பெய்யும். பொங்கலோ தை முதல்நாள். பானை மிகுதியாக வேண்டப்படும் வேளையில் குளங்கள் நிறைந்திருக்கும். மண் எடுக்க இயலாது, உலர்த்த வெயில் இராது, விறகும் நனைந்திருக்கும். எனவே தைப் பானையைப் புரட்டாதிக்குள்ளேயே வனைந்து, சுட்டு, கூரையின் கீழ் அடுக்கிவிட வேண்டும். விற்குமோ விற்காதோ என்பது மூன்று திங்கள் கழித்தே தெரியும். அதுவரை முதலும் உழைப்பும் அந்த அடுக்கிலேயே முடங்கிக் கிடக்கும். ஒழுகும் கூரையைப் பார்த்தபடி குயவன் மழையைக் கேட்டிருப்பான்.